அண்ணாச்சிக்கு வாரம் ஒரு மணி நேரம்

பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக ஏற்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு அடுத்த மாதம் கோவிலில் வாலிபர்கள் உட்காரும் பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாகப் பேராயர் முன்னால் முழங்காலில் நின்ற பிள்ளைகளில் பலரைக் காணோம். பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் மனப்பாடமாகச் சொன்ன பிள்ளைகள்தான். ஞாயிறு பள்ளிக்கு வயது தாண்டிவிட்டது, வாலிபர் ஐக்கியத்தில் தெரிந்த முகம் இல்லை, பிளஸ் ஒன் டியூஷன் ஞாயிறு காலையிலேயே வந்து நிற்கிறது. 15 வயதிலிருந்து 21 வயதுக்குள் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி "எப்படி இருக்க?" என்று கேட்க சபையில் ஒரு ஆள் இருந்தால் அது பெரும்பாலும் ஐயர்தான், அதாவது சபையின் குருவானவர். நாலைந்து ஊர் சேர்ந்த சேகரத்தில் அந்த ஒருவரால் எத்தனை பிள்ளைகளைக் கேட்க முடியும்?

இந்த வேலையை நம் சபைகளின் சாதாரண விசுவாசிகள் எடுக்க வேண்டும். மளிகைக்கடை வைத்திருப்பவர், மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர், அங்கன்வாடி டீச்சர், பீடி சுற்றும் அம்மா, பணி ஓய்வு பெற்ற கிளார்க். மேடையில் பேசத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்கத் தெரிய வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், கேட்டதை வெளியே கொட்டாமல் வைத்திருக்க வேண்டும்.

இதை இப்போது மென்டரிங் என்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் இதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு. மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் பிள்ளைகளை வளர்த்த டோனாவூரில், பொறுப்பெடுத்த நம்மூர்ப் பெண்களை அக்காள் என்றும், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களைச் சித்தி என்றும், ஆண்களை அண்ணாச்சி என்றும்தான் அழைத்தார்கள். இன்னும் பின்னால் போனால், பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருந்தது 40 பெயர். அந்தச் சிறு கூட்டத்தைத் தாங்கிப் பிடித்தவர்களில் முக்கியமானவர் குளோரிந்தாள், எந்தக் குருப்பட்டமும் இல்லாத ஒரு பெண். அந்தச் சபையைக் கவனித்த உபதேசியார் சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றதே 1790-இல்தான். நம் சபை தொடக்கத்திலிருந்தே சாதாரண ஆட்களின் கையில் வளர்ந்ததுதான்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

முதலில் சேகர குருவிடம் சொல்லுங்கள். அனுமதிக்காக மட்டும் இல்லை, உங்களைக் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகவும்தான். யாரை, எந்த நாளில், எந்த இடத்தில் பார்க்கிறீர்கள் என்பது அவருக்கோ சபை மூப்பர் ஒருவருக்கோ தெரிந்திருக்க வேண்டும். அடுத்து பிள்ளையின் வீடு. அம்மாவும் அப்பாவும் இருக்கிற நேரம் பார்த்துப் போய், "வாரம் ஒரு மணி நேரம் தம்பிகூட வேதம் வாசிக்கேன், அவனுக்குப் பேச ஏதாவது இருந்தா கேக்கேன், ஒரு வருஷம்தான்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லுங்கள்: "அவன் எங்கிட்ட பேசுறத எல்லாம் உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டேன். அவன் உசிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா அன்னைக்கே சொல்லுவேன்." இதைத் தொடக்கத்தில் சொல்லாதவர்கள் மூன்றாம் மாதம் மாட்டிக்கொள்வார்கள். அப்பா கடைத்தெருவில் நிறுத்தி, "பையன் என்ன சொல்லுதான் அண்ணாச்சி?" என்று கேட்பார். அங்கே ஒரு வார்த்தை வாய்தவறி விழுந்தாலும் பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்வான்.

ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். இதில் விதிவிலக்கு வேண்டாம். ஒருவரை மட்டும் எடுப்பதைவிட இரண்டு பேரை எடுப்பது நல்லது. ஒருவன் வராத வாரமும் கூட்டம் நிற்காது, தனியாக உட்கார்ந்திருக்கும் கூச்சமும் இராது. மூன்று பேருக்கு மேல் போனால் அது வகுப்பாகிவிடும், நீங்களும் உங்களை அறியாமல் பிரசங்கத்தில் இறங்கிவிடுவீர்கள். இடம் நாலு பேர் கண்ணில் படும் இடமாக இருக்கட்டும். கோவில் திண்ணை, வேப்பமரத்தடி, கதவு திறந்து கிடக்கும் முன்னறை. பூட்டிய அறையும், ஆள் இல்லாத மொட்டைமாடியும், காரில் தனிப் பயணமும் கூடாது. உங்கள் மனசு சுத்தமாக இருக்கலாம். ஆனாலும் நல்ல எண்ணம் உள்ளவர் கடைப்பிடிக்கிற ஒழுங்குதான், கெட்ட எண்ணத்தோடு வருகிறவரை அடையாளம் காட்டிக் கொடுக்கும்.

தொடங்க நல்ல மாதம் ஜூன், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம். வருஷத்தில் 52 வாரம் இருந்தாலும் 35 தடவை சந்தித்தால் போதும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறுப்பின் பண்டிகை, பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம், டிசம்பரில் கேரல் என்று வாரங்கள் போகும். மார்ச்சில் பரீட்சை. அந்த மாதம் ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிஷமாகச் சுருக்குங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். நெருக்கடியான மாதத்தில் காணாமல் போகிற அண்ணாச்சி, லீவு விட்டதும் வந்து "ஏன்டே கோவிலுக்கு வரல?" என்று கேட்டால் அவன் என்ன நினைப்பான்?

இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் பெரியவரால்தான். இரண்டாம் மாதம் கல்யாண வீடு, மூன்றாம் மாதம் வேலை நெருக்கடி. "அடுத்த வாரம் பாப்போம் தம்பி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டால், மூன்றாம் தடவை அவனே "வேலை இருக்கு அண்ணாச்சி" என்பான். வர முடியாத வாரம் முந்தின நாளே போன் பண்ணி, எந்த நாளுக்கு மாற்றுகிறோம் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். உங்கள் வேலையில் வாரம் ஒரு மணி நேரம் நிச்சயமாகக் கிடைக்காது என்றால் மாதம் இரண்டு தடவை என்று சொல்லித் தொடங்குங்கள். குறைவாகச் சொல்லி அதைக் காப்பாற்றுவதில் குறை ஒன்றும் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்துக்கு வருகிறேன். முதல் கால் மணி நேரம் டீயும் வடையும் ஊர்ப்பேச்சும். கிரிக்கெட், ரீல்ஸ், பஸ்ஸில் நடந்த சண்டை எதுவானாலும் சரி. இதை வீண் என்று வெட்டாதீர்கள், பிள்ளையின் குரல் இங்கேதான் இளகுகிறது. அடுத்து இருபது நிமிஷம் வேதம். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கலாம். 16 அதிகாரம், சம்பவங்கள் வேகமாக நகரும். வாரம் ஒரு அதிகாரம் என்று போகலாம், ஆனால் 6-ஆம் அதிகாரத்தில் 56 வசனமும் 14-இல் 72 வசனமும் இருப்பதால் அவை இரண்டையும் இரண்டிரண்டு வாரமாகப் பிரியுங்கள். மொத்தம் 18 வாரம், ஜூனில் ஆரம்பித்தால் விட்டுப்போகும் வாரங்களைச் சேர்த்தாலும் கிறிஸ்துமஸுக்கு முன் முடிந்துவிடும்.

முறை வைத்து, சத்தமாக வாசியுங்கள். இங்கே பலரும் தவறுகிற ஓர் இடம் உண்டு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கு நம் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் நாக்கில் புரளாது. 'உபத்திரவம்', 'அங்கலாய்ப்பு', 'சம்பாஷணை' என்று வரும்போது தடுமாறுவார்கள். அந்த நேரத்தில் "தமிழ் வாசிக்கத் தெரியலியா?" என்று ஒரு சிரிப்புச் சிரித்தால் அடுத்த வாரம் தொண்டை கட்டியிருக்கும், அதற்கு அடுத்த வாரம் ஆளே வராது. அவன் போனில் இங்கிலீஷில் வாசிக்கட்டும், நீங்கள் தமிழில் வாசியுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் வித்தியாசமாகத் தெரிந்தால் அதிலேயே பத்து நிமிஷம் நல்ல பேச்சு நடக்கும். வாசித்த பிறகு மூன்றே கேள்வி: இதில் இயேசு என்ன செய்கிறார்? சுற்றி நிற்பவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? இந்த வாரம் நான் செய்ய ஒரு காரியம் இதில் இருக்கிறதா? மூன்றாம் கேள்விக்குப் பதில் சின்னதாக இருக்க வேண்டும். "நல்ல பிள்ளையா இருப்பேன்" என்பது பதிலே இல்லை. "தங்கச்சிகிட்ட பத்து நாளா பேசல, இன்னைக்கு பேசுவேன்" என்பது பதில். அதை நோட்டில் ஒரு வரியாக அவனே எழுதட்டும். அடுத்த வாரம் முதலில் அதைக் கேளுங்கள். செய்யவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்று பேசுங்கள், திட்ட வேண்டாம்.

பதில் தெரியாத கேள்வி வரும். "ஏன் அண்ணாச்சி, ஜெபம் பண்ணியும் எங்க தாத்தா செத்துட்டாரு?" இதற்கு அவசரமாக ஒரு வசனத்தை எடுத்து நீட்டாதீர்கள். "எனக்கும் தெரியலடே" என்று சொல்லலாம். வரலாற்றுக் கேள்வியோ வேதாகமக் கேள்வியோ என்றால் குறித்துக்கொண்டு, ஐயரிடமோ தெரிந்தவர்களிடமோ கேட்டு, அடுத்த வாரம் பதிலோடு வாருங்கள். அப்படி வருவதைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

மீதி நேரம் அவன் பேச. இங்கே வேதத்தில் வரும் ஆசாரியன் ஏலியை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுவன் சாமுவேல் இரவில் மூன்று தடவை எழுந்து ஏலியிடம் ஓடி வருகிறான். மூன்றாம் தடவைதான் ஏலிக்கே விஷயம் பிடிபடுகிறது. அதன்பிறகும் "நான் வந்து கேட்டுச் சொல்கிறேன்" என்று அவர் கிளம்பவில்லை. எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்து, பிள்ளையை அவன் படுக்கைக்கே திருப்பி அனுப்புகிறார். கேட்க வேண்டியவன் சாமுவேல். நம்மில் பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர் எதிர். பிள்ளை இரண்டு வாக்கியம் பேசுமுன் "நீ பி.எட். படி", "போலீஸ் செலக்‌ஷனுக்குப் போ", "அந்தப் பழக்கத்த விட்டுரு" என்று தீர்ப்பு வந்துவிடும். அறிவுரை சொல்லத் தோன்றும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல உனக்கு எது பயமா இருக்கு?" கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். அரை நிமிஷ மௌனம் உங்களுக்கு நீளமாகத் தெரியும். அவனுக்கு அந்த இடைவெளி தேவை.

திருத்த வேண்டியதும் வரும். அப்போஸ்தலர் நடபடிகளில், பிரசங்கம் பண்ணிய அப்பொல்லோவுக்கு விஷயம் முழுதாகத் தெரியவில்லை என்று கண்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் ஜெபஆலயத்தில் எல்லார் முன்னிலும் எழுந்து மறுக்கவில்லை. தங்களிடம் சேர்த்துக்கொண்டு விளக்கிச் சொன்னார்கள். அவர்கள் கூடாரம் பண்ணிப் பிழைத்தவர்கள் என்பதையும் கவனியுங்கள். வாலிபர் கூட்டத்தில் அவன் தப்பாகப் பேசினாலும், திருத்துவது உங்கள் திண்ணையில் நடக்கட்டும்.

இன்னொரு பெரிய ஓட்டை ஜெபக்குறிப்பு. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் "ஒரு தம்பிக்காக ஜெபிச்சுக்கங்க, பேர் சொல்ல மாட்டேன், மேலத்தெரு, ஒரு பொண்ணு விஷயம்" என்று சொன்னால் பேர் சொன்ன மாதிரிதான். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும். அவன் அனுமதி இல்லாமல் அவன் காரியம் எந்த ஜெபக் கூட்டத்துக்கும் போகக்கூடாது, உங்கள் வீட்டுக்காரிக்கும் போகக்கூடாது. நீங்கள் ஜெபிப்பதை ஆண்டவர் கேட்க நாலு பேர் கூடியிருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

காசு விஷயத்தில் கறாராக இருங்கள். டீ வாங்கிக் கொடுங்கள், பண்டிகைக்கு ஒரு வேதாகமம் கொடுங்கள். கைமாற்று மட்டும் கொடுக்காதீர்கள். 500 ரூபாய் வாங்கியவன் அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை உங்கள் கண்ணில் படாமல் சுற்றுவான். காலேஜ் ஃபீஸ் போன்ற உண்மையான தேவை வந்தால் சேகரக் கமிட்டி வழியாகவோ உதவித்தொகை வழியாகவோ போகட்டும், நீங்கள் விண்ணப்பம் எழுத உதவுங்கள். பிள்ளையை வேலைக்காரனாகவும் ஆக்காதீர்கள். கன்வென்ஷனுக்கு நாற்காலி போட, நோட்டீஸ் கொடுக்க, உங்கள் கேஸ் சிலிண்டரைத் தூக்க என்று கூப்பிடத் தொடங்கினால் அவனுக்குக் கணக்கு புரிந்துவிடும். பேராயரின் கீழ் வரும் சபைகள் எல்லாம் சேர்ந்த திருமண்டலத்துக்குத் தேர்தல் வருகிற வருஷம் இன்னும் கவனமாக இருங்கள். உங்கள் அணிக்கு அவனை இழுத்தால், ஒரு வருஷம் உட்கார்ந்து வேதம் வாசித்தது ஓட்டுக்காகத்தான் என்று அவன் நினைப்பான். அப்படி நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

சாதியைப் பற்றிப் பேசாமல் நம் ஜில்லாவில் இதை எழுத முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அந்தக் கயிறு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குள்ளும் வருகிறது. இரண்டு பிள்ளைகளை எடுக்கும்போது முடிந்தால் வெவ்வேறு தெருப் பிள்ளைகளை எடுங்கள். இரண்டு பேரும் இரண்டு வீட்டிலும் மாறி மாறி உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கட்டும். சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், நீங்கள் நிறுத்தாதீர்கள். வேறு சாதிப் பெண்ணை விரும்புகிறேன் என்று ஒருவன் வந்து சொன்னால், அந்தச் செய்தி உங்கள் வாயிலிருந்து எந்தப் பக்கமும் போகக்கூடாது. இங்கே அது உயிர் சம்பந்தப்பட்டது. தூது போகாதீர்கள், காட்டிக் கொடுக்காதீர்கள். வயது, படிப்பு, சம்பாத்தியம், அந்தப் பெண்ணின் மனசு எல்லாவற்றையும் நிதானமாகக் கேளுங்கள். "நம்ம ஆளுக்குள்ளேயே பாக்கலாம்லா" என்ற வாக்கியம் மட்டும் உங்கள் நாக்கில் வர வேண்டாம்.

பெண்பிள்ளைகளுக்கு அக்கா கிடைப்பது இன்னும் கஷ்டம். ஆர்வம் இல்லாமல் இல்லை, நேரம்தான் இல்லை. பீடி சுற்றும் வீட்டில் சாயங்காலம் என்பது நாளைக்குக் கொடுக்க வேண்டிய கட்டுகளின் நேரம். அதற்குத் தனி நேரம் தேடாமல், தட்டை மடியில் வைத்துக்கொண்டே பேசுங்கள். கை ஓடிக்கொண்டிருக்கும்போது, எதிரே முகம் பார்த்து உட்கார வேண்டிய சங்கடம் இல்லாமல், பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவார்கள். ஒருத்தி வசனத்தை வாசிக்கட்டும், மற்றவர்கள் இலை வெட்டட்டும். வெளியே அனுப்பாத வீடு என்றால் அக்கா அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பிளஸ் டூ முடிந்ததும் மாப்பிள்ளை பேச்சு வந்து, பிள்ளைக்கு மேலே படிக்க ஆசை இருந்தால், அவள் பெயரில் நீங்கள் சண்டைக்குப் போகாமல், ஐயரம்மாவைக் கூட்டிக்கொண்டு அம்மாவிடம் முதலில் பேசுங்கள். அப்பாவிடம் அம்மா பேசும் விதம் வேறு. பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அது சட்டப்படி குழந்தைத் திருமணம், அங்கே சமாதானப் பேச்சு மட்டும் போதாது, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டும்.

ரகசியம் காக்க முடியாத காரியங்கள் உண்டு, அவற்றை முதல் நாளே பிள்ளையிடமும் சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைமேல் பாலியல் அத்துமீறல் நடந்தது என்று தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவருக்கும் கட்டாயம். தெரிவிக்காமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். செய்தவர் சொந்தக்காரரோ சபையில் பெரிய ஆளோ யாராக இருந்தாலும் சரி. "சபை பேர் கெட்டுரும், உள்ளுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளையை மறுபடி மறுபடி விவரம் கேட்டுக் குடையாதீர்கள். நம்புகிறேன் என்று சொல்லுங்கள், 1098-ஐ அழையுங்கள், அது 24 மணி நேரமும் இலவசம்.

சாக வேண்டும் போல இருக்கிறது என்ற பேச்சு ரிசல்ட் வரும் மே மாதத்தில் அதிகம் காதில் விழும். "செத்துப்போகணும்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பாரம்தான் கொஞ்சம் இறங்கும். ஆம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள். வீட்டாரிடம் அன்றைக்கே சொல்லி, வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தை வீட்டை விட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூடவே போங்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தால் சாப்பிடச் சொல்லுங்கள். ஜெபித்தால் போதும், மாத்திரை விசுவாசக் குறைவு என்று சொல்வதற்கு நம்மில் யாருக்கும் அதிகாரம் கிடையாது.

வாட்ஸ்அப்பில் இரண்டு பிள்ளைகளும் நீங்களும் சேர்ந்த ஒரு குழு போதும். தனி அரட்டை வேண்டாம். மறைந்துபோகும் மெசேஜ் அணைத்தே இருக்கட்டும். இரவு ஒன்பதரைக்கு மேல் ஆபத்து என்றால் மட்டும் போன்.

அப்புறம் பிள்ளை ஊரை விட்டுப் போவான். திருப்பூர், சென்னை, பெங்களூர், துபாய். நம்மூர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் போகத்தான் செய்வார்கள், ஆகையால் இந்த வேலையின் பின்பாதி அங்கேதான் இருக்கிறது. அவன் ரயில் ஏறும் முன்பே அந்த ஊரில் ஒரு கோவிலையும் அங்கே பெயர் தெரிந்த ஒரு ஆளையும் கண்டுபிடித்துக் கொடுங்கள். "அங்க போய் நல்ல சபையா பாத்துச் சேந்துக்க" என்பது வெறும் பேச்சு, ஹாஸ்டலில் முதல் ஞாயிறு அவன் துணி துவைத்துக்கொண்டிருப்பான். சேகரத்திலிருந்து சபை மாற்றுக் கடிதத்தை வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மாதம் சனிக்கிழமை ராத்திரி ஐந்து நிமிஷம் பேசுங்கள். குவைத், கத்தார் போன்ற நாடுகளில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை, சபைகள் கூடுவதும் அன்றைக்குத்தான், ஆகவே அங்கே போனவனுக்கு வியாழக்கிழமை அழையுங்கள். ஞாயிறு அழைத்து "கோவிலுக்குப் போனியா?" என்று கேட்டால் பொய் சொல்ல வைப்பீர்கள். முந்தின ராத்திரி அழைத்து "நாளைக்கு எத்தன மணிக்கு ஆராதன?" என்று கேட்டால் அலாரம் வைப்பான்.

ஒரு வருஷம் என்று சொன்னால் ஒரு வருஷத்தில் முடியுங்கள். அதுவாகத் தேய்ந்து போகவிடாதீர்கள். கடைசி நாள் இது என்று இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லி, அன்றைக்கு வீட்டுக்கு அழைத்து ஒருவேளைச் சாப்பாடு போட்டு, இந்த வருஷத்தில் அவனிடம் நீங்கள் கண்ட நல்ல மாற்றம் ஒன்றை அவன் அப்பா அம்மா முன்னாலேயே சொல்லுங்கள். தொடர வேண்டும் என்று அவன் கேட்டால் புதிதாக ஒரு வருஷம் பேசிக்கொள்ளலாம். கேட்கவில்லை என்றால் வருத்தப்படாதீர்கள், வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுங்கள். அவன் எழுதிய நோட்டு அவனுக்கே. அவனைப் பற்றி நீங்கள் குறித்து வைத்த தாள் ஏதாவது இருந்தால், போலீசுக்கோ டாக்டருக்கோ தேவைப்படாதது எல்லாவற்றையும், அன்றைக்குச் சாயங்காலமே கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.